தலையீத்துக் குட்டி

ஆடு திருடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. தீபாவளி நெருங்கும்போது செம்பனைக் காட்டுக்குள் மேயப் போன ஆடு திரும்பவில்லை என்றால், அது எந்த வீட்டுச் சட்டியில் கொதிக்கிறது என்று ஊருக்கே தெரியும். கேட்கத்தான் ஆள் இருக்காது. ஆனால் ஆடே திருடும் என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். போன வருஷம், சுங்காய்க்கு உள்ளே ஒரு பழைய ரப்பர் தோட்டத்து வீட்டின் பின்புறம், பட்டப்பகலில், எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிழட்டுக் கறுப்பு ஆடு இன்னொரு ஆட்டின் குட்டியைத் திருடியது. நின்றவர்கள் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வீடு என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரருக்கு அக்கா. தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களை எல்லாம் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகும் ஊரைவிட்டுப் போகாதவர். வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகை. கால் ஊன்றி உயர்த்திக் கட்டிய பலகைத் தரை, புழுக்கை கீழே விழ இடைவெளி விட்டு. முனியாண்டி பூசைக்குக் கிடா வேண்டும் என்றால் தாப்பாவிலிருந்துகூட அவரிடம்தான் வருவார்கள். கொட்டகை வேலை எல்லாம் அவருடைய கடைசி மகன் தலையில். அவன் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து தழை வெட்டிப் போடுவான்.

நான் ஈப்போவில் இருக்கிறேன். கையுறை ஃபேக்டரியில் வேலை. அப்பா அம்மா சிம்பாங் பூலாய்ப் பக்கம் ரப்பர்ப் பால் வெட்டினார்கள், நான் அந்த ரப்பரை டப்பாவில் அடைக்கிறேன். அவ்வளவுதான் எங்கள் குடும்பம் கண்ட முன்னேற்றம். போன வருஷம் லீவு போட்டுக்கொண்டு சுங்காய்க்குப் போனது என் மகளுக்காக. அவளுக்குத் தலைப்பிரசவம். கோலாலம்பூரில் புருஷனோடு இருப்பவள், பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

அம்மா வீடு என்றால் ஈப்போ இல்லை. சுங்காய்.

என் மகள் என் நாத்தனாரை அம்மா என்று கூப்பிடுகிறாள். என்னை மம்மி என்கிறாள். கேட்கிறவர்கள் ஏதோ டவுன் நாகரிகம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரிடம் பேசும்போது ‘நீ வா, நீ போ, உனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று வாய் கொள்ளாமல் உரிமை வரும். என்னிடம் ‘நீங்க சாப்டீங்களா மம்மி?’ என்று மரியாதை வரும். அந்த மரியாதையைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

நான் போய் இறங்கிய அன்று கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது உத்தரத்தில் தொங்கிய தொட்டில் ஸ்பிரிங். புது ஸ்பிரிங். கொக்கி மட்டும் பழையது. என் மகளை அந்தக் கொக்கியில்தான் போட்டு ஆட்டினார்கள்.

“ஏற்கெனவே மாட்டியாச்சா அக்கா?” என்றேன்.

“பின்ன? லீவு முடிஞ்சா இவ கேஎல்லுக்குப் போவணும்லா. பேங்க் வேல, சும்மாவா? புள்ளய அங்க பாத்துக்க எந்த பாபுகிட்ட, எந்த வேலக்காரிகிட்ட குடுக்கறது? இங்கயே இருக்கட்டும். இவளையே நாந்தான வளத்தேன்,” என்றார் நாத்தனார். புளி கரைத்துக்கொண்டே சொன்னார். மகள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தலையை ஆட்டினாள். எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே அதற்கு வீடு முடிவாகிவிட்டது. நான் பையை வைக்க இடம் தேடினேன்.

எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. என் கதை இன்னொரு தடவை நடக்கப்போகிறது, அதே கூடத்தில், அதே கொக்கியில். நடக்க விடக்கூடாது என்று மனதில் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வீட்டில் என் சொல்லுக்கு என்ன மதிப்பு? செல்லாக்காசு.

ஆட்டு விஷயம் நடந்தது அதற்கு அடுத்த வாரம், காலையில். கொட்டகையில் ஒரு செவலை இளம் ஆடு, தலையீத்து, முனகிக்கொண்டு கிடந்தது. முதல் தடவை என்பதால் அதற்கே என்ன நடக்கிறது என்று புரியவில்லை. எழும், சுற்றும், படுக்கும், தன் வாலைத் தானே திரும்பிப் பார்த்துப் பயப்படும். நாத்தனார், அவர் மகன், பக்கத்து வீட்டுப் பெண்கள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் மகள், நான், எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குட்டி விழுந்தது. ஒற்றைக் குட்டி, பெட்டை. செவலை அசதியில் தலையைப் பலகையில் சாய்த்தது. மூச்சு வாங்கியது. எழுந்து திரும்ப அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் கறுப்பு ஆடு வந்துவிட்டது. அதுவும் நிறைமாதம், இன்றோ நாளையோ என்று மடி இறங்கி நின்றது. எத்தனையோ ஈத்துப் பார்த்த ஆடு. குட்டியின் மேல் இருந்த ஈரம் அதன் மூக்குக்குப் போனதும் அப்படியே குனிந்து நக்க ஆரம்பித்தது. தொண்டைக்குள் தாய் ஆடு கூப்பிடுமே, மெதுவாக, அந்தக் குரலும் கொடுத்தது. செவலை எழுந்து வந்து மூக்கை நீட்டியபோது, கறுப்பு உடம்பைக் குறுக்கே திருப்பி மறைத்தது. இன்னொரு தடவை நீட்டியபோது முட்டியது. செவலை மூலையில் போய் நின்றுகொண்டு கத்தியது.

“பாத்தியா, பாத்தியா! பாசக்காரி லா இவ,” என்றார் நாத்தனார். முகமெல்லாம் பல். “அதுக்கு என்னா தெரியும், பச்ச ஆடு. இவ பழக்கப்பட்டவ. எப்புடி நக்குறா பாரு.”

பக்கத்து வீட்டுப் பெண்களும் ஆமாம் போட்டார்கள். ஒருத்தி போனில் படம் எடுத்தாள்.

“அக்கா, அது அவ குட்டி இல்ல. புடுங்கி தாய்கிட்ட விடச் சொல்லுங்க,” என்றேன்.

“நீ சும்மா இரு. டப்பா ஒட்டுறவளுக்கு ஆட்டப் பத்தி என்னா தெரியும்?”

எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். குட்டி தள்ளாடி எழுந்து கறுப்பின் மடியைத் தேடிப் பிடித்தது. கறுப்பின் மடியில் இருந்தது தன் வயிற்றுக் குட்டிக்காக இறங்கிய சீம்பால். அதை இந்தக் குட்டி குடித்தது. செவலையின் மடியில் இருந்த சீம்பால் அப்படியே கனத்தது.

என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குள் போய்விட்டேன்.

என் மகள் பிறந்தது டவுன் கிளினிக்கில். எனக்கு அப்போது இருபதுகூட முடியவில்லை. நாத்தனார் கூடவே இருந்தார். மூன்று ஆண் பிள்ளை பெற்றவர், கைராசிக்காரர் என்று தோட்டம் முழுக்கப் பெயர். ஆனால் பெண் பிள்ளை இல்லை என்ற குறை அவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதை நான் வெகு நாளுக்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பிள்ளையைத் துடைத்ததும் அவர் கையில்தான் வாங்கினார். சேனை வைத்தார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது எங்களில் வழக்கம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் நல்ல கையாகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். பெற்றவள் கை அந்தக் கணக்கில் சேராது. அவளுக்கு என்ன குணம் இருக்கிறது, அவள் சும்மா பெற்றவள்தானே.

சேனை ஒரு சொட்டோடு நிற்கவில்லை. மஞ்சளாகக் கெட்டியாக இருக்கிற முதல் பால் பிள்ளைக்கு ஆகாது, வயிறு கெடும் என்றார் நாத்தனார். பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஆட்டுக்குட்டி சீம்பால் குடிக்கவில்லை என்றால் செத்துவிடும் என்று பதறுகிற வீடு அது. குட்டியின் வாயைத் திறந்து காம்பை வைத்து அழுத்துவார்கள். அதே வீட்டில் என் சீம்பால் குளியலறைச் சாக்கடைக்குப் போனது. வெள்ளைப் பால் வரும்வரை என்று பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர், பிறகு டின் பால். ‘நீ தூங்கு, நீ பச்ச ஒடம்புக்காரி, ஒனக்குப் பழக்கமில்ல’ என்று பிள்ளையைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். அழும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். நான் எழுந்து போவதற்குள் நின்றுவிடும்.

பிறகு ஒரு நாள் பிள்ளையை என்னிடம் கொடுத்தார்கள். அது என் மார்பைப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறியது. எனக்குக் காய்ச்சல், மார்பு கல்லாகக் கட்டியிருந்தது, தொட்டால் உயிர் போனது. நானும் அழுதேன். “எடுத்துட்டுப் போங்கக்கா” என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை அவர் இத்தனை வருஷமாகப் பெட்டியில் வைத்த பட்டுப்புடவை போலப் பத்திரமாக வைத்திருக்கிறார். எப்போது தேவையோ அப்போது எடுத்து உதறிக் காட்டுவார்.

அன்று சாயங்காலமே சுங்காய் டவுனிலிருந்து மல்லிகைப் பூ வந்தது. தலைக்கு இல்லை. மார்பில் வைத்துக் கட்ட. மல்லிகையை வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும். நெருக்கமாகத் தொடுத்த சரம். நாத்தனாரே அதைப் பழைய வேட்டித் துணியால் சுற்றி இறுக்கி முதுகில் முடிச்சுப் போட்டார். நல்ல மணம். வீடு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணத்தது. பூ வாடுவதற்குள் என் பால் வற்றத் தொடங்கிவிட்டது. அதன்பிறகு நான் மல்லிகை வைப்பதில்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போது ஏன் வெறும் தலையாக இருக்கிறாய் என்று கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாது, தலைவலி வரும் என்பேன்.

என் வீட்டுக்காரர் அப்போது என்ன சொன்னார் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். ஈப்போவில் வாடகை வீடு பார்த்தார். நான் வேலைக்குப் போனேன், பிள்ளை சுங்காயில் இருந்தது, வார இறுதியில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். போகும்போதெல்லாம் அது நாத்தனார் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை எட்டிப் பார்க்கும். இன்னொன்று பிறக்கும், அதை நானே வளர்ப்பேன் என்று காத்திருந்தேன். பிறக்கவில்லை. ஆட்டுக்கு மறு ஈத்து உண்டு. தலையீத்தில் குட்டியை உதைத்த ஆடு அடுத்ததில் ஒரு ஈயைக்கூட அண்ட விடாது. எனக்கு அந்த அடுத்தது வரவே இல்லை.

நாத்தனார் என் மகளை நன்றாகத்தான் வளர்த்தார். பொய் சொல்ல மாட்டேன். காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்துக்கு மோட்டார் சைக்கிளில் வைத்து அனுப்புவார். தன் பிள்ளைகளுக்கு இல்லாத கோழிக்காலை அவள் தட்டில் வைப்பார். ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. திட்டக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை, அந்த மகராசி.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு நான் கொட்டகைக்குப் போனேன். செவலை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. கறுப்பிடமிருந்து குட்டியைத் தூக்கினேன். கறுப்பு என் தொடையில் முட்டியது, நன்றாக வலித்தது. ஓரத்தில் ஒரு சின்ன அடைப்பு உண்டு, நோய் ஆட்டை விடுகிற இடம். செவலையையும் குட்டியையும் அதற்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். இனிச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தாயும் பிள்ளையும் ஒன்றாக இருந்தால் போதாதா?

போதவில்லை. செவலை குட்டியை முகர்ந்தது. குட்டியின் மேல் இப்போது இருந்தது கறுப்பின் எச்சில் வாசனை. செவலை பின்னால் போய், தலையைத் தாழ்த்தி, முட்டியது. குட்டி சுருண்டு விழுந்தது. எழுந்து மறுபடி மடிக்குப் போனது. மறுபடி முட்டியது. நான் உள்ளே போய்க் குட்டியின் முதுகில் உப்புத் தடவினேன். உப்புக்காகவாவது நக்கட்டும் என்று. செவலையின் கழுத்தை என் கைக்குள் இறுக்கிக்கொண்டு குட்டியை மடியில் விட்டேன். இரண்டு வாய் குடித்திருக்கும், காலால் உதறிவிட்டது. என் அம்மா வீட்டிலும் ஆடு இருந்தது. பல ஈத்துக் கண்ட ஆடு என்றால் குட்டியைப் பிரித்து வைத்துப் பிறகு விட்டாலும் முகர்ந்து பார்த்து ஏற்றுக்கொள்ளும். பழக்கம் அதற்குக் கைகொடுக்கும். தலையீத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. விழுந்த சூட்டில் நக்க விட்டால்தான் அது தாய். அந்த நேரத்தைப் பிடுங்கிவிட்டால், பிறகு நீங்கள் குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது யாரோ ஒரு குட்டி.

நிமிர்ந்தபோது நாத்தனார் கம்பிக்கு வெளியே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“இப்ப என்னாச்சு? வேணாங்குதா இல்லியா?” என்றார். குரலில் கோபமே இல்லை. “அதுக்கே வேணாம். பழக்கப்பட்டவ பாத்துக்கட்டும்னு நான் சொன்னேன்ல? நீ மட்டும் என்னா? எடுத்துட்டுப் போங்கக்கான்னு நீதான சொன்ன.”

ஆட்டு உப்பு கையில் ஒட்டியிருக்க, நான் அவரைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது எல்லாம் வாய்க்குள் வந்தது. பிடுங்கி வைத்துக்கொண்டு, அது வேண்டாம் என்று சொல்லும் வரை காத்திருந்து, பிறகு பார் அதற்கே வேண்டாம் என்று சொல்கிறீர்களே என்று. திரும்பினேன். பக்கத்து அறை ஜன்னலில் என் மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அந்த வாக்கியத்தை முதல் தடவையாகக் கேட்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

குட்டியைக் கறுப்பிடமே திரும்ப விட்டார்கள். மறுநாளுக்கு மறுநாள் கறுப்பு தன் சொந்தக் குட்டியைப் போட்டது. கிடாக் குட்டி, நல்ல பெரியது. ஆனால் சீம்பால் எல்லாம் திருட்டுக் குட்டி வயிற்றுக்குப் போய்விட்டது. கறுப்புக்கும் அந்தக் குட்டி மேல்தான் கண். தன் வயிற்றில் பிறந்ததை ஏனோதானோ என்று நக்கிவிட்டு மற்றதன் பின்னால் போனது. நாத்தனார் மகன் பால் காய்ச்சிப் போத்தலில் கொடுத்துப் பார்த்தான். குட்டி நிற்கவில்லை. செத்துப்போனது.

“எவ கண்ணு பட்டுச்சோ,” என்றார் நாத்தனார், என்னைப் பார்க்காமல். மகன் குட்டியைச் சாக்கில் சுற்றிச் செம்பனைக்குள் கொண்டுபோய்ப் புதைத்தான்.

என் மகளுக்கு வலி வந்தது அடுத்த சில நாட்களில். அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கஷ்டமான பிரசவம், நெடுநேரம் வலியில் கிடந்து, தையல் போட்டு, ஒரு வழியாகப் பெண் குழந்தை. மத்தியானம் பார்வை நேரத்துக்கு நாத்தனாரும் நானும் வார்டுக்குப் போனோம். மருமகன் வெளியே காடியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

மகள் வெளுத்துப்போய்க் கிடந்தாள். பிள்ளை பக்கத்தில் துணியில் சுற்றி, சின்ன வாய் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது. நாத்தனார் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். சர்க்கரைத் தண்ணீர். வெள்ளைத் துணித் திரி ஒன்றும் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

“மிஸ்ஸி வர்றதுக்குள்ள வெச்சிடுறேன். குடு இப்படி,” என்று கையை நீட்டினார்.

மகள் பிள்ளையைத் தூக்கப் போனாள்.

“குடுக்காத,” என்றேன். “மொதல்ல நீ பால் குடு. அப்புறம் யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் வெய்யட்டும்.”

“மம்மி, இன்னும் பாலே வரல. எனக்கு வலிக்குது. அம்மா வெச்சிட்டுப் போகட்டும்.”

“வரும். வாயில வெச்சாதான் வரும்.”

அப்போதுதான் அவள் சொன்னாள். சத்தம் போடாமல், அசதியோடு, ஒரு சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி. “நீங்க சும்மா இருங்க மம்மி. உங்களுக்குப் பழக்கமில்ல. அம்மாவுக்குத் தெரியும்.”

அடுத்த கட்டிலில் இருந்த மலாய்ப் பெண் எங்கள் பாஷை தெரியாமலே எங்களைப் பார்த்தாள். நாத்தனார் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. அதை அவரே விரும்பி வரவழைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை, அந்தப் போத்தல் மட்டும் தெரிந்தது. அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். கை கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். திரியையும் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

“பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்லா ஒன்ன!” என்று நாத்தனார் கத்தினார்.

அனுப்புங்கள் என்றேன். மிஸ்ஸி, அந்த வார்டு நர்ஸ், ஓடி வந்தாள். சின்ன மலாய்ப் பெண், கையில் கையுறை; யார் கண்டது, நான் அடைத்ததாகக்கூட இருக்கும். அவளிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன், பிள்ளைக்குப் பசி, தாய்க்குப் பிடிக்கத் தெரியவில்லை, காட்டிக் கொடுங்கள் என்று. அவள் மகளின் சட்டையை விலக்கிப் பிள்ளையை வெறும் நெஞ்சோடு படுக்க வைத்தாள். நான் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தேன். இழுத்துவிட்டுத் திரைக்கு வெளியே, என் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நாத்தனார் ஒரு அடி முன்னால் வந்தார். நான் நகரவில்லை. அன்றைக்கு அவர் என்னைத் தள்ளியிருந்தால் நானும் முட்டியிருப்பேன்.

உள்ளே மகள் அழுதாள். வலியில் அழுதாளா, என் மேல் கோபத்தில் அழுதாளா தெரியாது. மிஸ்ஸி மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அழுகை நின்றது. பிள்ளை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கேதான் கேட்டேன், ஒரு துணித் திரைக்கு வெளியே நின்றுகொண்டு.

நாத்தனார் போய்விட்டார். மருமகன் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அத்தே, நீங்க கொஞ்ச நாள் ஈப்போவுல இருங்க. வீட்ல எல்லாருக்கும் மனசு கஷ்டமா இருக்கு,” என்றார். நல்ல பையன். என் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சம். என் பை சுங்காய் வீட்டில் இருந்தது. அதை அவரே எடுத்து வந்து கொடுத்தார். பஸ் ஏறி வந்தேன். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னதும், “அக்காகிட்ட அப்புடியா நடந்துக்கறது?” என்றார். இருபத்தைந்து வருஷம் வாய் திறக்காத மனுஷன் திறந்த வாய் அதற்குத்தான்.

மகள் போன் பண்ணவில்லை. நான் பண்ணினால் எடுப்பாள், ‘நல்லா இருக்கு மம்மி’ என்பாள், வைத்துவிடுவாள். வீடியோவில் பிள்ளையைக் காட்டு என்றால் தூங்குகிறது என்பாள். போனுக்கு அந்தப் பக்கம் அது சிணுங்கும். ‘இருங்க, கூப்புடுது’ என்று பாதியில் போய்விடுவாள். கூப்பிடுவது அவளைத்தான் என்று அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று யோசிப்பேன். அந்த வீட்டில் என் பிள்ளை அழுதபோது, அது என்னைத்தான் கூப்பிடுகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

முப்பதாம் நாள் சடங்குக்கு அழைப்பு வந்தது. ஊர் என்ன சொல்லும் என்று அழைத்திருப்பார்கள். போனேன். கூடம் நிறையப் பெண்கள், எல்லார் தலையிலும் மல்லிகை. வாசலில் தட்டை நீட்டிய பெண்ணிடம் சந்தனம் மட்டும் எடுத்துக்கொண்டேன். தொட்டிலைப் புதுச் சேலையில் கட்டி, பொம்மை தொங்கவிட்டு, அந்தப் பழைய கொக்கியில் மாட்டியிருந்தார்கள். தொட்டில் காலி. மகள் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. தூங்காத முகம். பார்த்ததும் புரிந்தது, இந்த முப்பது நாளும் பிள்ளை வேறு அறையில் படுக்கவில்லை.

நாத்தனார் பட்டுப்புடவையில் வந்து இரண்டு கையையும் நீட்டினார். “குடு தாயி, தொட்டில்ல போடுவோம். எல்லாரும் காத்திருக்காங்க.”

“இப்பதான் தூங்குதும்மா. இருக்கட்டும்.”

“நான் எடுத்தா முழிக்காதுலா. ஒன்னயே நான்...”

“இருக்கட்டும்மா,” என்றாள் மகள். உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். “அப்புறம், கேஎல்லுக்கு நான் இவளையும் கொண்டுபோறேன். ஆள் பாத்தாச்சு. பக்கத்துலயே.”

பாட்டுச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. நாத்தனாரின் கைகள் நீட்டியபடியே இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் தொட்டில் சேலையின் சுருக்கத்தை நீவிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தான். வருஷக் கணக்காக அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அவர் அடுப்படிப் பக்கம் போனதும் நான் எழுந்தேன். பின்கட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன், முந்தானையில் துடைத்தேன். கொட்டகையில் செவலை மற்ற ஆடுகளோடு தழை தின்றுகொண்டிருந்தது. மடி வற்றிச் சுருங்கியிருந்தது. உள்ளே வந்து மகளிடம் போய் நின்றேன். இன்னும் நான் அந்தப் பிள்ளையைத் தொட்டதில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷம், அந்தக் கனத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

கையை நீட்டினேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, அன்பும் இல்லை; அந்தக் கண்ணில் நானே இல்லை. பிள்ளையின் தலையில் மூக்கை வைத்து முகர்ந்தாள். பிறகு நாத்தனாருக்குத் திருப்பியது போலவே எனக்கும் தோளைத் திருப்பிக்கொண்டாள்.

“இருக்கட்டும் மம்மி.”

சரி என்றேன். சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பினேன். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷமும் என் கையை அடுத்தவர்தான் காலியாக வைத்திருந்தார்கள். இந்தத் தடவை, ஆஸ்பத்திரியில் அந்தத் திரையை இழுத்துவிட்டு, அந்த வேலையை நானே செய்தேன்.